மத்தியாஸ் கோர்வெனின் முழங்கால்

மத்தியாஸ் கோர்வெனின் வலது முழங்கால் ஜவ்வு கிழிந்தபோது, அந்தக் கிழிசலும் அதன் வலியும் அவனிடம் தங்காமல், மலைகளையும் பாலைகளையும் கடல்களையும் தாண்டி, ராயப்பன்துறை மாதா கோயிலின் பங்குமண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த கிளீட்டஸின் வலது முழங்காலில் வந்து இறங்கின என்பதை, எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்று சொல்வதைப் போலத்தான் அந்த ஊரில் சின்னப் பிள்ளைகளும் சொல்வார்கள்.

ராயப்பன்துறை குமரிக் கடற்கரையின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஆண்கள் சூரைமீன் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி, கரைக்கு வந்தால் தூங்கி, பூசை கண்டு, மிச்ச நேரமெல்லாம் கால்பந்து பேசுகிற ஊர். ஐரோப்பாவில் ஏதோ ஒரு துறைமுக நகரத்தில், ஒரே ஆற்றின் இரண்டு கரைகளில், தலைமுறை தலைமுறையாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காத இரண்டு கிளப்புகள் உண்டு. அவற்றின் முழுப்பெயரை இந்த ஊரில் யாரும் சொல்வதில்லை, ஒன்று செவப்பு, மற்றது நீலம், அவ்வளவுதான். கோயிலுக்கு மேற்கே உள்ள வீடுகள் செவப்பு, கிழக்கே உள்ளவை நீலம். பெண் கேட்டு வருகிறவர்கள் குடும்பத்தை விசாரித்து, தொழிலை விசாரித்து, குடியை விசாரித்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி இதையும் விசாரிப்பார்கள். அதற்காகக் கல்யாணம் நின்றதில்லை, ஆனால் விருந்துக்கு வந்தவர்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

கிளீட்டஸ் நீலம். சூரைப்படகு ஒன்றுக்கு ஸ்ராங்கு, அதாவது படகைச் செலுத்துகிறவன். நாற்பதைத் தாண்டிய ஆள். ஏலக்கூடத்தில் வாக்குவாதம் தொடங்கினால் நீலத்தின் பக்கம் கடைசி வார்த்தை அவனுடையது. அவனுடைய மனைவி மெற்றில்டா மேற்குத் தெருப் பெண். அவளுடைய அண்ணன் பனிபிச்சைதான் செவப்புக்காரர்களுக்குத் தலைவர். ஐரோப்பியக் கோப்பையை செவப்பு பலமுறை வாங்கியிருக்கிறது, நீலம் ஒருமுறைகூட வாங்கியதில்லை என்று பனிபிச்சை தொடங்குவார். வாங்கினதில் பாதி நடுவர் போட்ட பிச்சை என்று கிளீட்டஸ் முடிப்பான். நீலம் ஒரே ஒருமுறை கோப்பையை நெருங்கியது. அந்த அரையிறுதியில், கடைசி மூச்சில், செவப்பின் புதுப்பையன் ஒருவன் கோல் அடித்துவிட்டு நீலக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கமே ஓடிவந்து உதட்டில் விரல் வைத்து, சத்தம் போடாதீர்கள் என்று காட்டினான். அவன்தான் மத்தியாஸ். அன்றிலிருந்து, அவன் தலைவனாகிப் பேரும் புகழும் பெற்ற இத்தனை வருஷமும், அவன் பந்தைத் தொடும்போதெல்லாம் கிளீட்டஸ் ஒரே வேண்டுதலை வாய்க்குள் முணுமுணுப்பான்: இவனுக்க காலு ஒடியணும்.

அந்த சனிக்கிழமை மாலை இரண்டு கிளப்புகளும் அவர்களுடைய ஊர் லீக்கில் மோதின. பங்குமண்டபத்துப் பெரிய திரையில் ஆட்டம் ஓடியது. மேற்குத் தெரு இடதுபக்கம், கிழக்குத் தெரு வலதுபக்கம். நீலத்தின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் சறுக்கி வந்து மோத, மத்தியாஸின் கால் மடங்கக் கூடாத பக்கத்துக்கு மடங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். செவப்புப் பெண்கள் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். கிளீட்டஸ் மட்டும் குனிந்து, "இனி எழும்பாத" என்றான், மெதுவாக, மனதார.

மத்தியாஸ் எழுந்தான். முழங்காலைத் தடவிப் பார்த்தான், ஏதோ ஒரு பொருளைத் தொலைத்துவிட்டவனைப் போல் சுற்றிலும் புல்லைப் பார்த்தான், பிறகு ஓடினான். திட்டுவதற்காக எழுந்த கிளீட்டஸ் வலது காலில் நிற்க முடியாமல் சிமெண்டுத் தரையில் விழுந்தான். அவன் முழங்கால் வேட்டிக்குள்ளே இளநீர் அளவுக்கு வீங்கிக்கொண்டிருந்தது.

நாகர்கோவிலில் எலும்பு டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு, "ஜவ்வு முழுசாக் கிழிஞ்சிருக்கு. பந்து விளையாடுவீங்களா?" என்று கேட்டார்.

"பாப்பேன்" என்றான் கிளீட்டஸ்.

"விளையாடினது வேற ஆளு சார்" என்றாள் மெற்றில்டா. "கிழிஞ்சது இவருக்கு."

டாக்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, விளையாட்டுக் காயம் என்று எழுதி, அறுவை செய்தால் ஒழிய கடலுக்குப் போக முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

அறுவைக்கு முன்னால் ஒரு வைத்தியம் பார்ப்போம் என்று கிழக்குத் தெருக்காரர்கள் வர்ம ஆசானைக் கூட்டிவந்தார்கள். ஆசான் எண்ணெய் போட்டுத் தடவி, எங்கோ ஒரு நரம்பில் விரல் வைத்து அழுத்த, அன்று ராத்திரி கிளீட்டஸ் வலியில்லாமல் தூங்கினான். மறுநாள் செய்தி வந்தது: மத்தியாஸ் பயிற்சியில் நொண்டினான், பாதியிலேயே வெளியேறினான். எண்ணெயின் பலன் தீர்ந்து கிளீட்டஸுக்கு வலி திரும்பியதும் மத்தியாஸ் சரியாகிவிட்டான். வலி ஒன்றுதான், கால் இரண்டு என்பது அப்போது ஊருக்கு விளங்கியது. யாரும் அதை அதிசயம் என்று சொல்லவில்லை. வலை போட்டால் யார் வலையில் எது வந்து விழும் என்று தெரியாத தொழில் அவர்களுடையது.

பனிபிச்சை ஒரு பெரிய நெய்மீனைத் தூக்கிக்கொண்டு தங்கையின் வீட்டுக்கு வந்தார். நீலக் கொடி தொங்கும் அந்த வாசலை அவர் அதுவரை மிதித்ததில்லை.

"மச்சான், ஆப்பரேசன் இப்போ செய்யாண்டாம்" என்றார்.

"எனக்க காலு, மச்சான்."

"ஒம்ம காலுதான். ஆனா அதுக்குள்ள கெடக்கது எங்களுக்க ஆளுக்க வலியில்லியா. நீரு சொகமானா அவன் விழுவான்." அவர் தரையில் உட்கார்ந்து, வீங்கிய முழங்காலின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக் கண்ணை மூடினார். "அந்த வலிய நாங்க வாங்கிக்கிடுகோம். எனக்கு வரட்டும்."

வரவில்லை. மேற்குத் தெருவிலிருந்து ஆளாளுக்கு வந்து கை வைத்துப் பார்த்தார்கள், ஒருவருக்கும் வரவில்லை. அடுப்படியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மெற்றில்டாதான் சொன்னாள்: "அண்ணே, நீங்கல்லாம் அவன நேசிக்கிறவங்க. ஒங்களுக்கு எப்பிடி வரும்?"

அது உண்மைதான் என்று சில நாட்களிலேயே தெரிந்தது. நீலத்தின் பக்கவாட்டு ஆட்டக்காரன் ஒருவனை, அவனுடைய தலைமுடியில் தொடங்கி நடை வரைக்கும் சகிக்காமல் திட்டிக்கொண்டிருந்த மேற்குத் தெரு லூர்து டீச்சர், அவன் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே நேரத்தில் கரும்பலகைக்கு முன்னால் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். யார் மனதார வெறுத்தார்களோ அவர்களைத் தேடித்தான் காயம் வந்தது. ஏலக்கூடத்தில் வாக்குவாதத்தின் தொனி மாறியது. "அவன் நல்லா இருக்கட்டும், ஆனா பந்து பாஸ் செய்யத் தெரியாது" என்று, ஆசீர்வாதத்தை முன்னால் போட்டுத்தான் திட்டினார்கள்.

இப்படி, ராயப்பன்துறையின் செவப்புப் பாதி ஒரு நீலக்காரனைத் தாங்கத் தொடங்கியது. அவர்களுடைய படகுகள் கரைக்கு வந்தால் கிளீட்டஸின் பங்கென்று ஒரு கூடை தனியாக ஒதுங்கியது. அவர்களுடைய பெண்கள் கஞ்சியும் பயறும் கொண்டுவந்தார்கள். ஞாயிறு காலை, பரம்பரையாக நீலத்தைக் கேலிசெய்த நான்கு பேர் அவனை நாற்காலியோடு தூக்கிப் பூசைக்குக் கொண்டுபோனார்கள், வழியில் குலுங்காமல், மாதா சுரூபத்தைத் தூக்குகிற அதே கவனத்தோடு. கிளீட்டஸின் வலி குறையாமல் இருக்க வேண்டும் என்று யாரோ பூசையில் வாசிக்கக் கருத்து எழுதிக்கொடுக்க, பங்குச்சாமி அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, ராயப்பன்துறையின் மக்கள் அனைவருக்காகவும் என்று மாற்றி வாசித்தார்.

கிழக்குத் தெருவுக்கு இது பொறுக்கவில்லை. அதிலும் அந்த வருஷம் யாரும் எதிர்பாராத விதமாக நீலம் ஐரோப்பியக் கோப்பையில் ஒவ்வோர் அணியாக வென்று மேலேறியது. மறுபக்கத்தில் செவப்பும், மத்தியாஸின் வலிக்காத முழங்காலின் புண்ணியத்தில், மேலேறியது. ஒரே நகரத்தின் இரண்டு கிளப்புகளும் இறுதிப் போட்டியில் சந்திக்கும் என்று உறுதியான அன்று, கிளீட்டஸோடு படகில் போகிற ஸ்டெல்லஸ் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

"அண்ணே, நம்ம ஆயுசுல இது ஒருதரந்தான் வரும். நாங்க ஆஸ்பத்திரியில பேசியாச்சு. போட்டியன்னிக்குக் காலையில ஆப்பரேசன். அவன் இல்லேன்னா நாம ஜெயிச்சோம்."

கிளீட்டஸ் யோசித்துக்கொண்டிருந்த விஷயம் யாரிடமும் சொல்ல முடியாத விஷயம்.

மாதக்கணக்கில் ஒருவனுடைய முழங்காலைச் சுமந்துகொண்டு கட்டிலில் கிடந்தால், அவன் எப்போது எழுகிறான், எப்போது ஓடுகிறான், எந்த மாடிப்படியில் எதையோ தூக்கிக்கொண்டு ஏறுகிறான் என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. ஆட்டத்துக்கு முன்னால் அந்தக் கால் நடுங்கும் என்று கிளீட்டஸுக்குத் தெரியும். திரையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறவனின் கால் அப்படி நடுங்கும் என்று செவப்புக்காரர்களுக்கே தெரியாது. ஆட்டமோ பயிற்சியோ இல்லாத ஒரு நாள், வெயில் கொளுத்துகிற நடுப்பகலில், கிளீட்டஸின் முழங்கால் சில்லென்று நனைந்தது. தொட்டுப் பார்த்தால் ஈரமில்லை. ஆனால் ஈரமண்ணில் முழங்காலிட்டால் எப்படிக் குளிர் எலும்புக்குள் ஏறுமோ அப்படி ஏறியது, ஏறி, நெடுநேரம் அங்கேயே நின்றது, எழப்பார்த்து முடியாமல் மறுபடியும் மண்ணில் அழுந்தியது. மறுநாள் செய்தியில், மத்தியாஸ் கோர்வெனின் தகப்பனை அவர்களுடைய மலைக்கிராமத்தில் மழைக்குள்ளே அடக்கம் செய்தார்கள் என்று சொன்னார்கள்.

கிளீட்டஸின் தகப்பன் கடலில் போனவர். உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் ஊரெல்லாம் பூவும் மெழுகுதிரியுமாக முழங்காலிட்டிருக்கும்போது, முழங்காலிட ஒரு குழியில்லாமல் அவன் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நின்றுவிட்டு வருவான். அந்த நடுப்பகலில், வேறொருவனின் தகப்பன் குழியில், தன் முழங்கால் மண்ணில் பட்டதை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் வலி குறைய ஆரம்பித்தது. முதலில் ராத்திரிகளில், பிறகு பகலிலும். வீக்கம் வடிந்தது, ஆனால் காலை இன்னும் ஊன்ற முடியவில்லை. அதே வாரம் மத்தியாஸின் முழங்காலில் இறுக்கம் என்று செய்தி வர, மேற்குத் தெரு கலங்கிப்போனது. பனிபிச்சை வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"மச்சான், மருந்து எடுக்கீரா?"

"இல்ல."

"ஆசான் வந்தாரா?"

"மாதா சத்தியமா யாரும் வரல்ல."

பனிபிச்சை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தங்கைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "அவன்மேல உள்ள வெறுப்பு ஒமக்குக் கொறஞ்சுபோச்சா?" என்று கேட்டார்.

கிளீட்டஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து பனிபிச்சை தினமும் வந்தார். கைபேசியில் அந்தப் பழைய அரையிறுதியைப் போட்டு அவன் கண்ணுக்கு நேரே பிடித்தார். "பாரும், ஒம்ம முகத்துக்கு நேரதான் வெரல் காட்டுகான். ஒம்மளப் பாத்துதான். அந்த ராத்திரி நீரு கஞ்சி குடிக்கல்லன்னு தங்கச்சி சொன்னாளே. மறந்துபோச்சா?" செவப்புக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, தங்கள் தலைவனைப் பற்றித் தங்கள் வாயாலேயே தீங்கு சொன்னார்கள்: அவன் தற்பெருமைக்காரன், அவன் வேண்டுமென்றே விழுகிறவன், அவன் நீலத்தை நாய் என்று சொன்னான். சொல்லிவிட்டு வெளியே போய்ச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். கிளீட்டஸ் அந்தக் கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். உதட்டில் விரல் வைத்து ஓடிவருகிற பையனின் கால்களைத்தான் பார்த்தான், அவை நடுங்கிக்கொண்டிருந்தன.

போட்டியன்று காலையில் ஸ்டெல்லஸ் காரோடு வந்து நின்றான். கிழக்குத் தெரு முழுக்க வாசலில் கூடியிருந்தது. மெற்றில்டா மாற்று வேட்டியும் துண்டும் பையில் எடுத்துவைத்துவிட்டு, கட்டிலின் அருகே வந்து நின்றாள்.

"எனக்கு செவப்பும் வேண்டாம், நீலமும் வேண்டாம்" என்றாள். "நீங்க நடக்கணும். அவ்வளவுதான்."

"இன்னைக்கு ஆட்டம் முடியட்டும்."

"இன்னைக்கு முடிஞ்சா? அவனுக்குப் பந்துதான் பொழப்பு. நாளைக்கும் ஓடுவான், அடுத்த வருசமும் ஓடுவான். எந்த நாளு பாத்து நீங்க அவன விழவைப்பீங்க?"

கிளீட்டஸ், "அவனுக்க அப்பன் செத்து மாசங்கூட ஆகல்ல, மெற்றில்டா" என்றான். அவள் அவனையே பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, வேட்டியை எடுத்துத் திரும்பவும் கொடியில் போட்டாள். கார் வெறுமனே திரும்பிப் போனது. கிழக்குத் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வாசலை விட்டுக் கலைந்துபோனார்கள். அது அவனுக்குத் திட்டுவதைவிடக் கனமாக இருந்தது.

அந்த வருஷம் இறுதிப் போட்டியை வழக்கமான நேரத்துக்கு முன்கூட்டியே தொடங்கினார்கள். நமக்கு ஜெபமாலை முடிந்து சாப்பிடுகிற நேரம். பங்குமண்டபத்தில் நிற்க இடமில்லை. செவப்புக்காரர்கள் கிளீட்டஸை நாற்காலியோடு தூக்கிவந்து நடுவழியில், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இறக்கிவைத்தார்கள். பாதி ஆட்டம் வரைக்கும் கோலில்லை. மத்தியாஸ் பந்தோடு ஓடும்போதெல்லாம் ஊர் திரையைப் பார்த்தது, உடனே திரும்பிக் கிளீட்டஸின் காலைப் பார்த்தது.

பிறகு அது நடந்தது. நீலத்தின் கோலுக்கு எதிரே மத்தியாஸ் தனியாக வந்தான். அடிக்கக் காலைத் தூக்கினான். பின்னாலிருந்து நீண்ட ஒரு கால் அவன் முழங்காலில் விழுந்தது. அது நடுவருக்கும் தெரியாமல், வேண்டுமென்றும் இல்லாமல், ஆட்டத்தின் வேகத்தில் நடக்கிற காரியம். மத்தியாஸ் புல்லில் விழுந்தான்.

"எழும்பு மக்களே" என்றான் கிளீட்டஸ், பெற்ற பிள்ளையை எழுப்புகிறவனைப் போல.

தன் வாயிலிருந்து வந்தது இன்னதென்று உணரும் முன்னே, அவன் முழங்காலிலிருந்து ஏதோ ஒன்று, நங்கூரம் கழன்றதைப் போல, விடுபட்டுப் போனது. அவன் நின்றுகொண்டிருந்தான். பிடி இல்லாமல், இரண்டு காலிலும், நேராக. மண்டபம் முழுக்க அவனைப் பார்த்தது. திரையில் மத்தியாஸ் எழவில்லை. கையால் புல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயைத் திறந்து கத்தினான். எத்தனையோ மாதமாக அவனை வந்தடையாத வலி எல்லாம் அன்றைக்கு ஒன்றாக அவனைக் கண்டுபிடித்துவிட்டது.

கிளீட்டஸ் திரைக்கு அருகே நடந்துபோனான். நடக்க நடக்கத் திட்ட ஆரம்பித்தான். "நாசமாப் போ. ஒனக்க குலம் விளங்காது. கெடந்து சாவுலே" என்று, கடலிலும் கரையிலும் அவன் கற்ற அத்தனை கெட்ட வார்த்தைகளையும் எடுத்து, ஒரு மன்றாட்டுமாலையைச் சொல்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான், கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் என்ன செய்கிறான் என்பது ஊருக்குப் புரிந்தது. அந்த வலியைத் திரும்ப வாங்கப் பார்க்கிறான். பனிபிச்சை அவன் பக்கத்தில் வந்து நின்று தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் சொல்லும் மச்சான். மனசாரச் சொல்லும்" என்றார். காரோடு வந்து நின்ற ஸ்டெல்லஸும் எழுந்து வந்து திட்டினான், கிழக்குத் தெருவே எழுந்து நின்று திட்டியது. ஒருவருக்கும் வலி வரவில்லை. மத்தியாஸின் முழங்காலோடு அத்தனை மாதம் வாழ்ந்துவிட்ட ராயப்பன்துறையில், அவனை வெறுக்க ஓர் ஆள் மிச்சமில்லை.

மைதானத்திலிருந்து மத்தியாஸைத் தூக்குக்கட்டிலில் கொண்டுபோனார்கள். ஆட்டம் தொடர்ந்தது, கடைசியில் நீலம் ஒரு கோல் அடித்து, தன் வரலாற்றிலேயே முதல்முறையாக ஐரோப்பியக் கோப்பையை வென்றது. திரையில் நீலக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அழுதார்கள். கிழக்குத் தெரு வாங்கிவைத்த வெடிக்கட்டு மண்டபத்து மூலையில் அப்படியே கிடந்தது. யாரோ எழுந்துபோய்ச் சத்தத்தை நிறுத்தினார்கள். லூர்து டீச்சர் மட்டும், பரம்பரைச் செவப்பானாலும், கிளீட்டஸிடம் வந்து கைகொடுத்து, "ஒங்க டீம் ஜெயிச்சாச்சு" என்றார். அவன் தலையாட்டினான்.

மத்தியாஸ் கோர்வென் அறுவை செய்துகொண்டான். அடுத்த வருஷத்தின் பாதியில் திரும்ப வந்து ஆடினான், பழைய வேகம் வரவில்லை. ராயப்பன்துறையில் இரண்டு தெருக்காரர்களும் அவனுடைய ஆட்டத்தை எழுந்து நின்றே பார்த்தார்கள். கிளீட்டஸ் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் படகேறினான். இதெல்லாம் பிறகு நடந்தவை.

அன்று ராத்திரி மண்டபம் கலைந்தபோது, தூக்கிவந்த நாற்காலியைத் தேடி நான்கு செவப்புக்காரர்கள் வந்தார்கள். வந்தபிறகு அதற்கு இனி வேலையில்லை என்று நினைவுவந்து விலகிப்போனார்கள். கிளீட்டஸும் மெற்றில்டாவும் கடற்கரை ரோட்டில் வீட்டுக்கு நடந்தார்கள். அவளுக்கு வேண்டியது கிடைத்திருந்தது. இத்தனை மாதமும் நொண்டுகிற புருஷனுக்கு தோள் கொடுத்து முற்றத்தில் நடத்திப் பழகியவள், பழக்கத்தில், ஒவ்வோர் அடிக்கும் ஒருகணம் நின்று நின்று நடந்தாள். அவன் கொஞ்சதூரம் முன்னால் போய்விட்டதைக் கவனித்துத் திரும்பிப் பார்த்தான். அவள் வந்து சேரும்வரை நின்றான். அதற்கப்புறம், நன்றாக நடக்க முடிந்த அந்த இருவரும், வீடு வரும்வரை மெதுவாகவே நடந்துபோனார்கள்.